ரோடாக வரைந்த ஓடை

அன்புள்ள அப்பாவுக்கு,

மணிமொழியின் வணக்கம். அம்மாவின் இருமல் குறைந்ததா? பெங்களூரில் நான் நலம். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு வேடிக்கை நடந்தது. நம் ஊர் எல்லையில் வரப்போகும் புதிய நகருக்கு எங்கள் ஆபீசில்தான் பிளான் போடுகிறோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, நம் ஓடையை முப்பதடி ரோடாக வரைந்துவிட்டார்கள். இருபுறமும் மனைகள். கலியம்மாள் அத்தை வீடு கட்டக் கேட்டிருக்கும் மனையும் அதை ஒட்டித்தான்.

“சார், வெயில் காலத்துல அதுல பைக் போவும். ஐப்பசியில எருமை நீந்தும்” என்றேன்.

“உங்க ஊர்ல ரோட்டுலயா எருமை நீந்துது?” என்றார் எங்கள் மேலாளர் பரணிதரன் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரே, “தண்ணி ஓடுற போட்டோ காட்டும்மா, மாத்திடலாம். ஆனா ஐப்பசி தாண்டுனா பிளான் அப்ரூவலுக்குப் போயிடும்” என்றார்.

பிளான் மாறும்வரை மனை வாங்க அவசரப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

மழை இறங்கியதும் போட்டோ அனுப்புங்கள். ஆழம் தெரிய வேண்டும். அதனால் நீங்கள் ஓரமாக இறங்கி நில்லுங்கள், அம்மா எடுக்கட்டும். முகமும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஆபீசுக்கு முகம் தேவையில்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

மணிமொழி