முன்னால் போகிறவர்

5 ஆகஸ்ட் 1973, ஞாயிறு

அம்மா ஜெயித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு நானும் நடக்கப் போக வேண்டும். இல்லையென்றால் அப்பாவும் போகக் கூடாது. போன மாதம் அவர் மாடிப்படியில் கால் தவறி விழுந்ததிலிருந்து இதே பேச்சு.

"ஏட்டி, எம்.ஏ. படிச்சுட்டு வீட்டுல உக்காந்து கூரையப் பாக்கதுக்கு, அவுகளோட போயி ஏதாவது ஏரியப் பாரு."

தத்துவம் படித்தவளுக்குக் கூரையைப் பார்ப்பதும் வேலைதான். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கூரை. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

விடியுமுன் மாம்பலம் ஸ்டேஷன். அப்பாவின் நண்பர்கள் இருவர் காத்திருந்தார்கள். அனந்தராமன் மாமா மயிலாப்பூர். ஏஜி ஆபீஸில் தணிக்கை செய்தே தலை நரைத்தவர். வலியுல்லா பாய் ராயப்பேட்டை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அப்பா ரயில்வே கார்டு. மூவரும் ஓய்வு பெற்ற பிறகு பனகல் பார்க்கில் பழக்கமானவர்கள். பார்க் போதாமல் போய், வாரம் ஒருமுறை ஊருக்கு வெளியே நடக்கிறார்கள்.

"என்ன ஓய் கார்டு, பொண்ணை அழைச்சுண்டு வந்துட்டீர்? இனிமே வாயைத் திறக்க முடியாதே" என்றார் அனந்தராமன் மாமா.

"ரெண்டு வருசமா நான் துவா கேட்டது அதுக்குத்தான்" என்றார் பாய். "வாம்மா தங்கம்."

பல்லாவரம் வரை ரயில். பிறகு ஏரிக்கரை. நடை என்பது ஒரு கருத்து என்று நினைத்திருந்தேன். முழங்கால் வேறு மாதிரி நினைக்கிறது.

19 ஆகஸ்ட், ஞாயிறு

இவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வழி சொல்லியிருக்கிறார்கள். திரிசூலம் மலையடிவாரத்தில் சண்டை முற்றி, ஆளுக்கொரு ரயிலில் வீடு திரும்பினார்களாம். அன்றைக்குப் பிறகு, வாரம் ஒருவர் முன்னால். அவர் போகிற வழியே வழி. மற்றவர்கள் முந்தக் கூடாது. திருத்தக் கூடாது. தப்பு என்று தெரிந்தாலும்.

"முப்பது வருஷம் அடுத்தவா தப்பைக் கண்டுபிடிச்சாச்சு. ஒரு நாளாவது பேசாம ஒருத்தர் பின்னாடி போறேனே" என்றார் அனந்தராமன் மாமா. அவர் முறையாதலால் முன்னால் நின்றுகொண்டு சொன்னார்.

எனக்கு முறை உண்டா என்று கேட்டேன்.

"நீ விருந்தாளிம்மா" என்றார் பாய்.

விருந்தாளி. ஒருவரை வெளியே நிறுத்த இதைவிட மரியாதையான சொல் கிடையாது.

2 செப்டம்பர், ஞாயிறு

இன்று அப்பா முன்னால். கரை இருந்தவரை நல்ல வேகம். கரை முடிந்து பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றி மண் தட்டினார். செருப்பில் மண் இல்லை.

இடப்பக்கப் பாதையில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னால் நடந்தார்.

11 செப்டம்பர், செவ்வாய்

காபி டம்ளரை வைக்குமுன் மேஜையின் விளிம்பை விரலால் தேடுகிறார். எத்தனை நாளாக?

23 செப்டம்பர், ஞாயிறு

மீண்டும் அப்பாவின் முறை. ரயிலில் கேட்டேன், "கண்ணு சரியா தெரியுதாப்பா?"

"பனி கொஞ்சம் இருக்குல்லா" என்றார்.

செப்டம்பரில், பரங்கிமலையில், பனி.

14 அக்டோபர், ஞாயிறு

கிண்டியில் இறங்கி வேளச்சேரி வழியாகத் தெற்கே. அப்பா முன்னால். ராத்திரி மழை பெய்து வெளுத்திருந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் பெரிய சதுப்பு. அங்கே அதைக் கழுவெளி என்கிறார்கள். கோரை பச்சையாக, சமமாக, புல்வெளிபோல் கிடந்தது. பாதை வலப்பக்கம் வளைந்தது. அப்பா வளையவில்லை.

நேராக இறங்கினார். பின்னால் மாமா. அவர் பின்னால் பாய். கடைசியில் நான். எங்கள் மூவருக்கும் தண்ணீர் தெரிந்தது. ஒருவரும் பேசவில்லை. கணுக்கால், பிறகு முழங்கால். மாமா வேட்டியை மட்டும் உயர்த்திக்கொண்டே போனார்.

கோரை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

"இன்னா நைனா இது! பெரிய மன்சங்க வரிசையா சேத்துல எறங்கிக்கினு கீறீங்க! முன்னால போறவருக்குத்தான் கண்ணு தெர்ல, பின்னால வர்றவங்களுக்குமா தெர்ல?"

கூட இருந்தவள் அவளை "அட, சும்மா இரு வேலம்மா" என்று அடக்கினாள். வேலம்மா அடங்கவில்லை. வந்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை.

"குறுக்க போலாம்னு பாத்தேன்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். பாய் ரொம்ப நேரம் சிரித்தார். திரும்பும்போது ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

21 அக்டோபர், ஞாயிறு

டீக்கடையில் அப்பா முகம் கழுவப் போன நேரம். கேட்டுவிட்டேன்.

"அப்பாவுக்குக் கண் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

மாமா டீயை ஆற்றினார். ஆறிய டீ.

"ஆறு மாசமா தெரியும்."

"சொல்லலாமே?"

"சொன்னா வரமாட்டார்மா" என்றார் பாய். "அவர் வராட்டி நாங்க ரெண்டு பேர். நானும் அய்யரும் மட்டும் போனா அதுக்குப் பேர் நடை இல்லை, தகராறு."

"எங்கேயாவது விழுந்தால்?"

"சட்டம்னு ஒண்ணு வெச்சுண்டோமே" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

பேசாமல் இருப்பதற்கு ஒரு விதி கிடைத்துவிட்டால் அது நாகரிகம் ஆகிவிடுகிறது. இரண்டு நல்ல மனிதர்கள். அவர்களுக்கு அப்பா வேண்டும். அதனால் அவரைச் சேற்றுக்குள் பின்தொடர்கிறார்கள்.

நான் மட்டும்? வரிசையில் நாலாவது ஆள்.

25 நவம்பர், ஞாயிறு

மழையில் பல வாரங்கள் வீண். இன்று அப்பாவின் முறை. திருவான்மியூர் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். கொட்டிவாக்கம் தாண்டியும் ஓரிடத்திலும் தயங்கவில்லை. ஒரு பக்கம் கடல் இரைந்துகொண்டே இருந்தால் வழி எப்படித் தவறும்?

கோபப்பட்டிருக்க வேண்டும். அவருடைய சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டு பின்னால் போனேன்.

16 டிசம்பர், ஞாயிறு

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

வண்டலூர். அப்பாவின் முறை. கார்டாக அவர் போய்வந்து தேய்ந்த பாதை, அதனால்தான் தேர்ந்தெடுத்திருப்பார். தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். நிஜமாகவே பனி. லைனைத் தாண்ட வேண்டிய இடத்தில் நின்று கைகாட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"நேராத்தான் நிக்கி. வண்டி கெடையாது. வாங்க."

கைகாட்டி சாய்ந்திருந்தது. சாய்ந்தால் வண்டி வருகிறது என்று சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னவர் அவர்தான்.

அனந்தராமன் மாமா கைகாட்டியைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். அப்பா ஜல்லியில் கால் வைத்தார். பின்னால் அவர்களும் நகர்ந்தார்கள்—நகர்ந்தார்கள்!

ஓடினேன். மூவரையும் முந்தி முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"நில்லுங்கப்பா! கை சாஞ்சிருக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியலை!"

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"யாருகிட்ட சொல்லுத? முப்பது வருசம் இந்த லைன்ல—"

வண்டி உடனே வரவில்லை. அதுதான் கொடுமை. நாலு பேரும் பனிக்குள் நின்றோம். அப்பாவின் உதட்டில் ஒரு சின்ன வெற்றி. நான் தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். பிறகு தண்டவாளம் சிலிர்த்தது. வண்டி எங்கள் முகத்தில் காற்றை அடித்துவிட்டுப் போனது. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு ஒரு கார்டு. எந்த கார்டைப் பார்த்தாலும் அப்பா கையைத் தூக்குவார். இன்று தூக்கவில்லை.

17 டிசம்பர், திங்கள்

அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

"ஆம்பளையள வச்சுக்கிட்டு அப்படியாட்டி சொல்லது?" என்றாள் அம்மா. பிறகு தோசையைத் திருப்பிக்கொண்டே, "நல்லவேள, சொன்ன" என்றாள்.

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அடுத்த முறையும் இப்படித்தான் சொல்வேன். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு இடம் இருக்கிறது.

23 டிசம்பர், ஞாயிறு

அப்பா மாம்பலம் போகவில்லை. வெயில் ஏறியதும் அவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அப்பா உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருந்தார். மாமா கதவோடு பேசினார்.

"கார்டு. அன்னிக்கு நான் கைகாட்டியைப் பார்த்தேன். பார்த்துண்டேதான் பின்னாடி வந்தேன்."



"கழுவெளியிலயும் தண்ணியைப் பார்த்தோம்" என்றார் பாய்.

கட்டில் கிறீச்சிட்டது. "பின்ன ஏன் ஓய் சொல்லல?"

"சொன்னா நீர் வரமாட்டீர்."

"வண்டி அடிச்சிருந்தா மட்டும் இன்னிக்கு வந்திருப்பனோ?"

முதலில் சிரித்தது பாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மாமா சிரிக்கவில்லை, சுவரில் கை ஊன்றிக்கொண்டார். கதவு ஒரு கை நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஆனால் அம்மா கொண்டுபோன காபியை அப்பா உள்ளே வாங்கிக்கொண்டார். "அவங்களுக்கும் குடு" என்ற குரல் கேட்டது.

26 டிசம்பர், புதன்

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைத் தொட்டபடி ஏறி வந்தார்.

"லோகோ ஷெட்ல இருந்த பொன்ராஜ் கண்புரைக்கு ஆப்பரேசன் பண்ணப் போனான். திரும்பி வரும்போது ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு வந்தான்."

"எல்லாருக்கும் அப்படி ஆகாதுப்பா."

"தெரியும். சொன்னா என்னைய மூலைல உக்கார வச்சிருவிய. அரைக்கண்ணோட நடந்தாலும் நடைதான்னு இருந்தேன்."

"பயமா?"

"பயம்தான். வேற என்ன."

அப்பா இந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. படித்ததில் எதுவும் உதவிக்கு வரவில்லை, வரவழைக்கவும் இல்லை. நனைந்த போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். இருவரும் பிழிந்தோம்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றார்.

27 ஜனவரி 1974, ஞாயிறு

கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணில் ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை. அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. பார்வை வருமா என்பது கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். காலையில் போன நடையை அப்பாவுக்குச் சொல்ல. சிரிப்பு வரக் கூடாது என்பதால் மாமா தணிக்கை அறிக்கைபோல் ஒப்பித்தார்.

"முடிச்சூர் ஏரி. தண்ணி நிறைய. இடதுபுறம் நாரை—"

"வலதுபுறம்" என்றார் பாய்.

"இடது. நான்தான் முன்னாடி போனேன்."

"முன்னால போனாப் போதுமா? பார்க்க வேணாமா?"

அப்பாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் வராந்தாவுக்குத் துரத்தினாள். அங்கேயும் நாரை தொடர்ந்தது.

அப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

4 பிப்ரவரி, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். "வெளிச்சமா ஒண்ணு நிக்கி. நீயாட்டி?" என்றார். ஜன்னல். நான் இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

டாக்டர் முகத்தைப் பார்த்தேன். சிரித்தார்.

17 மார்ச், ஞாயிறு

புதுக் கண்ணாடி. சோடா பாட்டிலின் அடிப்பாகம் அளவு கனம். எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் தெரிகிறதாம். ரோட்டில் விழுந்த விளக்குக் கம்பத்தின் நிழலை அப்பா காலைத் தூக்கித் தாண்டினார்.

பாண்டி பஜாரில் பஸ் வந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணைப் படித்தார். "எட்டு. ஏறுங்க."

"மூணு ஓய், மூணு" என்றார் அனந்தராமன் மாமா, பஸ் நிற்பதற்குள்.

"மூணா? சரி, விடும்."

அடுத்த பஸ்ஸில் திருவான்மியூர். அப்பாவின் முறை. கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்புக்கு வரும்வரை பின்னாலிருந்து இரண்டு பேரும் வழி சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். டிரில் மைதானமும் தணிக்கை ஆபீஸும் சேர்ந்து நடந்ததுபோல் இரைச்சல். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

தோப்பு முடிந்த இடத்தில் இருவரும் ஒரே குரலில், "இடது! இடது!" என்றார்கள்.

அப்பா வலதுபக்கம் போனார். மணலில் ஒரு நண்டு வளை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றோம்.