அப்பா பிடிக்காத சிகரெட்

மார்ச் 4
பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் இன்றும் ரூபேந்திரன் என் பக்கத்து இருக்கை. "சாப்பிட்டீங்களா?" என்றார். விடிந்தும் விடியாத நேரத்தில்! "ம்" என்றேன். வீட்டின் முதல் பட்டதாரி நான், ஆய்வுக்கூட வேலை — வாயிலிருந்து வருவது ஒரே எழுத்து.

மார்ச் 11
அப்பாவை நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஐம்பது வயதுதான், மாடிப்படி ஏற முடியவில்லை. புது டாக்டர், "ஸ்மோக்கிங் எப்ப விட்டீங்க?" என்றார். அம்மா முந்திக்கொண்டார். "பத்து வருஷமாச்சு டாக்டர். முனீஸ்வரன் கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ண வச்சேன்."

அப்பா தரையைப் பார்த்தார். "நான் பிடிச்சதே இல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன் சத்தியம் பண்ணீங்க?"

"இருமினா போதும், திருட்டு சிகரெட்னு சண்டை. தினமும் சட்டையை மோந்து பாப்பா. ஒரு சத்தியத்துல முடியட்டும்னுதான் லா."

அலமாக்! பத்து வருடமாக எல்லா ஃபைலிலும் 'முன்பு புகைத்தவர்'. அதனாலேயே யாரும் வேறு காரணம் தேடவில்லை. பரம்பரைக் கோளாறாக இருக்கலாமாம். அப்பாவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 12
பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டார் என்று அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. "பிடிக்காததை இனிமே பிடிக்க மாட்டேன்னேன். அது எப்படிமா பொய்யாகும்?" என்று என்னிடம் கேட்கிறார் அப்பா.

ஏப்ரல் 9
நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் அப்பாவின் ரத்தத்தில் மிகக் குறைவு. பழுதான மரபணு இரண்டு — தாத்தா வழி ஒன்று, பாட்டி வழி ஒன்று. அதன்மேல் அவர் வேலை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலைத் தூசி வேறு. போன மூச்சு திரும்பாது. இருப்பதைக் காக்க மருந்தும் பயிற்சியும் உண்டு.

எனக்கு ஒன்றே ஒன்று. புகை பிடிக்காதவரை பெரிய பயமில்லையாம். கட்டிக்கொள்பவருக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு இரண்டும் சேரக்கூடும்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட மூச்சு விடாத," என்றார் அம்மா. பிறகு அப்பாவின் சட்டையை, மோந்து பார்க்காமல், துணி துவைக்கும் மெஷினில் போட்டார். அதுதான் மன்னிப்பு.

ஏப்ரல் 10
மூச்சு விட்டுவிட்டேன். பஸ்ஸில். ரூபேந்திரனிடம். முழுக்கதையும்! எனக்கு என்ன ஆச்சு? அவர் "ஓ" என்றார். பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். போச்சு.

ஏப்ரல் 11
பக்கத்து இருக்கை காலி.

ஏப்ரல் 15
வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஜோகூர் பாருவில் ரத்தம் கொடுத்தாராம்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க அப்பா எடுத்த அதே டெஸ்ட்தான்."

"உங்களுக்கு எதுக்கு அது?"

அவர் காது சிவந்தது. மாலை பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது — அதற்குள் உலு திராமில் என் நிறுத்தம் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். நடந்தேனா? தெரியவில்லை!

மே 9
கைப்பேசியை நீட்டினார். அவருடைய மரபணு இரண்டும் நல்லவை.

"இருந்திருந்தா?" என்றேன். இவ்வளவு பெரிய சொல் எனக்குள் எங்கிருந்தது?

"சேர்ந்து போய் டாக்டரைக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வரட்டுமா?"

"ம்."

மே 18
வந்தார். அம்மா ஜாதகம் கேட்டார். இவர் அதோடு ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்தார். காப்பி கொடுக்கக் குனிந்த அம்மா, அவர் சட்டைப் பக்கம் மெல்ல மூக்கைக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "சத்தியம் கேட்டா மட்டும் பண்ணிராதீங்க."