அப்பாவின் தலை

கிழக்குத் தாம்பரம்,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பு மகன் ஷெர்வினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். காலை ஜெபத்தில் முதலில் உன் பெயரைத்தான் சொல்கிறோம். பிறகுதான் மற்றவர்கள்.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் இதை எழுதி கேஷவ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் இந்த முறை ஆபீஸ் வேலையாகப் புனே வரவில்லை. லீவு போட்டுவிட்டு உன்னோடு இருக்க வருகிறான். நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றுவிட்டது. நம் தெருவில் கேட் வரைக்கும் வந்து வடிந்துபோனது. கேம்ப் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, ஆட்டோவில் சர்ச்சுக்குப் போய் வருகிறாள். கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. பாடகர் குழுவில் உன் கிதாரை இரவல் கேட்டார்கள். அம்மா தரவில்லை. அவன் வந்து வாசிப்பான் என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் கேஷவ் உன் அறையில் தங்கிவிட்டுத் திரும்பினானே, ரயிலிலிருந்து இறங்கி நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டபின் சொன்னான். "பாத்ரூம் கண்ணாடில நியூஸ்பேப்பர் ஒட்டி வெச்சிருக்கான் ஆன்ட்டி. பகல்ல வெளிய வரதே இல்ல. ஆபீஸ் மீட்டிங் எல்லாம் ரூம்ல இருந்துதான், அதுலயும் கேமரா ஆஃப். நான் ஏதாவது சொன்னா சிரிக்கிறான், ஆனா அது அவன் சிரிப்பு இல்ல." கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாக, "தனியா விடாதீங்க அங்கிள்" என்றான். அவன்மேல் கோபப்படாதே. ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு சைக்கிளில் பள்ளிக்குப் போனவன், அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து நானும் அம்மாவும் இது எங்கே தொடங்கியது என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்.

நீ இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உன் தலையணை உறையை நீயே துவைக்க ஆரம்பித்தாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். பிறகு ஒருநாள் நீ குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் துளையிலிருந்து முடியைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் வைத்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். சத்தம் காட்டாமல் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

அதன்பிறகு வீட்டில் சின்ன வெங்காயச் சாறும், ஊறவைத்த வெந்தயமும், கரிசலாங்கண்ணி எண்ணெயும்தான். அம்மா அரைத்து அரைத்துத் தடவினாள். வெங்காய வாடை போகாமல் காலேஜ் பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று நீ ஒரு காலையில் வாசலிலேயே நின்றுவிட்டாய்.

கேம்ப் ரோட்டில் இருக்கும் தோல் டாக்டரிடம் நான்தான் உன்னைக் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா உன் தலையைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். "பரம்பரையா வரது தம்பி இது. இருக்கறதக் காப்பாத்தலாம். போனதுல கொஞ்சம் திரும்பலாம். மருந்த விடாம போடணும், மாசக்கணக்குல பொறுமை வேணும். ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாக்கூடக் கொட்டும், பயந்து நிறுத்திடாத" என்றார். நியாயமாகத்தான் பேசினார். ஆனால் அவர் என் தலையைப் பார்த்தபோது நீயும் திரும்பி என்னைப் பார்த்தாய். பிறந்ததிலிருந்து பார்த்த தலைதான். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

அவர் சொன்னது போலவே ஆரம்பத்தில் அதிகம் கொட்டியது. நீ பயந்து நிறுத்திவிட்டாய். பிறகு வேளச்சேரியில் கண்ணாடிக் கதவு போட்ட அந்த கிளினிக். கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதை மெஷினில் சுழற்றிப் பிரித்து, தலையிலேயே ஊசியாகப் போட்டார்கள். நெற்றி வீங்கி ஹெல்மெட் மாட்ட முடியாமல் பஸ்ஸில் வந்தாய். ஒவ்வொரு முறையும் உச்சந்தலையைப் போட்டோ எடுத்து முந்திய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்களாம். வித்தியாசம் தெரிகிறதா என்று நீ அம்மாவைக் கேட்பாய். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரிகிறது என்பாள். முடி நடுகிற டாக்டரிடமும் போனாய். இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது, இந்த வயதில் அவசரப்பட வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் தலையில் ஒட்டிக்கொள்ளும் அந்த முடி பேட்ச் வந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். முடிதானே, விடுப்பா என்று. எனக்கும் நாக்கு நுனி வரை வந்ததுண்டு. அம்மாதான் என்னைத் தடுத்தாள். "முடிதானேன்னு நீங்களாவது சொல்லாதீங்க. அவனுக்கு அது கை கால் போற மாதிரி" என்றாள். எனக்கு முப்பது வயதில் முடி போனபோது நான் துக்கப்பட்ட ஞாபகம் இல்லை. அதனால் உன் துக்கம் எனக்குப் புரிய நாளாயிற்று.

பள்ளிக்கரணைக்கு ஈவ்லின் வீட்டுக்குப் போன நாளைப் பற்றி நாம் அதன்பிறகு பேசியதே இல்லை. சபையில் உன்னோடு பாடிய பெண், பள்ளி ஆசிரியை, அவளே உன்னைப் பிடித்திருக்கிறது என்று தன் அப்பா தேவானந்தம் சாரிடம் சொல்லித்தான் அவர் நம்மைக் கூப்பிட்டார். நீ புது சட்டை போட்டு, அந்த பேட்ச்சையும் ஒட்டிக்கொண்டு வந்தாய். ஏப்ரல் வெயில். போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நீ வியர்க்கக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாய். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. நீங்கள் இரண்டு பேரும் மாடியில் பேசிவிட்டு வந்த பிறகு, அவளுடைய அத்தை, "தம்பிக்கு நல்ல அடர்த்தியான முடி" என்றார்.

திரும்பி வரும்போது காரில், "வேணாம்பா. அவங்க பாத்தது என்னை இல்ல" என்றாய். "கல்யாணம் ஆகி ஒருநாள் காலைல கண்ணைத் திறந்து பாத்தா அவ என்ன நெனப்பா" என்றாய். நானும் அம்மாவும் எவ்வளவோ சொன்னோம். கடைசியில் நான்தான் தேவானந்தம் சாருக்குப் போன் செய்து, பையன் மனது இப்போது சரியில்லை என்றேன். அவர் கர்த்தருடைய சித்தம் சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீ பாதியில் எழுந்தாய். "உங்களப் பாத்தா நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு தெரியுதுப்பா. அதான் எதிர்ல உக்கார முடியல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து நான் பொழுது சாயும்போதே சாப்பிட்டுவிடுவேன். சர்க்கரைக்காக டாக்டர் அப்படிச் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நீ அம்மாவோடு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடும் சத்தம் கேட்கும். நான் வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாய்.

அடுத்ததை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அப்பா சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கேஷவ் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படி.

ஈவ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜனவரியில். மாப்பிள்ளை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளும் தேவானந்தம் சாரும் வீட்டுக்கு வந்து பத்திரிகை கொடுத்தார்கள். சாருக்கு அம்மா உள்ளே காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஷெர்வின் எப்படி இருக்காரு அங்கிள்" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

அவள் சொன்னதை நான் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன். "எனக்கு எல்லாம் தெரியும் அங்கிள். கேரல்ஸ் பாடப் போற வீட்ல சாப்பிட உக்காந்தாகூட அவர் மட்டும் அந்த செகப்புக் குல்லாவ எடுக்க மாட்டாரு. அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அப்பாகிட்ட சொன்னேன். அன்னிக்கு எங்க வீட்டுக்குப் புது முடியோட வந்தாரு. மாடில அவரா சொல்வாருன்னு காத்துக்கினு இருந்தேன். வேற எல்லாம் பேசினாரு, அத மட்டும் சொல்லல. அப்புறமும் ஒரு போன் வரும்னு ரொம்ப நாள் பாத்தேன். முடி போனதுல எனக்கு ஒண்ணுமில்ல அங்கிள். நான் போயிடுவேன்னு அவரே முடிவு பண்ணிட்டாரே, அதுதான்."

அழவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். அவர்கள் கிளம்பும்போது அம்மா அலமாரியைத் திறந்து ஒரு புடவையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். உங்கள் இருவர் நிச்சயத்துக்கென்று முன்பே எடுத்து வைத்திருந்தாளாம், எனக்கே தெரியாது. ஈவ்லின் அதை விரித்துப் பார்க்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள். அம்மா இரண்டே இரண்டு காபி டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இனி அதில் செய்ய ஒன்றுமில்லை, ஷெர்வின். அவளுக்குப் போன் செய்யாதே. நல்ல இடத்துக்குப் போகிறாள், நன்றாக இருக்கட்டும். ஒருத்தி உன்னை உள்ளபடி பார்த்தும் போகாமல் நின்றாள் என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். இது உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலித்தது.

கேம்ப் ரோடு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நீ ஆன்லைனில் ஏதோ மாத்திரை வாங்கிப் போடுகிறாய் என்று கேஷவ் சொன்னதைச் சொன்னேன். யாரிடமும் காட்டாமல் அப்படிப் போடக் கூடாது, சிலருக்கு அது மனதையும் சோர்வாக்கும், உடனே ஒரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார். பிறகு, "முடிய அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல பையனப் பாருங்க" என்றார். அதையேதான் செய்யப் போகிறோம்.

அந்தத் தலையை உனக்குக் கொடுத்தவன் நான். என் அம்மாவின் குரலையும் உனக்கு நான்தான் கொடுத்தேன். நீ எதையும் கேட்டு வாங்கவில்லை. இதற்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை என்பதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உனக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. சபைக்கு வா என்றோ, கல்யாணம் செய் என்றோ, கண்ணாடியைப் பார் என்றோ சொல்ல மாட்டேன். பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன். எதிரில் உட்கார வேண்டாம் என்றால் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

இந்த வெள்ளிக்கிழமை ரயிலில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம். சனிக்கிழமை வந்துவிடுவோம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், விலாசம் கேஷவ் கொடுத்திருக்கிறான். அம்மா நாட்டுக்கோழிக் குழம்புக்கு மசாலா அரைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாள் தங்குவோம் என்று கேட்காதே. எங்களுக்கே தெரியாது.

அதுவரை கேஷவோடு இரு. அவன் கடைக்குக் கூப்பிட்டால் போய் வா. அவன் தூங்கும்போது நீயும் தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மகனே. சனிக்கிழமை நாங்கள் மணி அடிக்கும்போது கேஷவைத் திறக்கச் சொல்லாதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே, நீ வந்து திற.

உன் வரவையே பார்த்திருக்கும்
அப்பா,
ஜெபசீலன்.