சலவைக் கூலி எழுதாத மாதங்கள்

மீனாட்சி துணை

செல்லூர், மதுரை.
20-10-83, வியாழன்.

மாமாவுக்குப் பாண்டியம்மாள் வணங்கி எழுதுவது. நானும் மகள் செல்லத்தாயும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். பாங்காக்கில் மழை விட்டதா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதவும்.

டிராப்டு பதினேழாம் தேதி வந்தது. வீட்டுச் செலவு போக மிச்சத்தைத் தபாலாபீஸ் புத்தகத்தில் போட்டுவிட்டேன். உங்கள் மாதச் செலவுச் சீட்டை வழக்கம்போல என் நோட்டில் ஏற்றிக்கொண்டேன். அதில் ஒரு சந்தோஷம். ஆகஸ்டிலிருந்து சலவைக் கூலி அறுபது பாட் காணவில்லை. நம் காசுக்கு மாதம் இருபத்தாறு ரூபாய் மிச்சம். எனக்கு வாழ்க்கைப்பட்ட பதினெட்டு வருஷத்தில் ஒரு துண்டைக்கூட நனைத்துப் பிழியாதவர் தூரதேசம் போய்த் துவைக்கக் கற்றுக்கொண்டாரே என்று நானும் மகளும் சிரித்தோம்.

உங்கள் நீளமான கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்த ஊரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் மெஸ்ஸுக்குச் சாப்பிட வரும் வெள்ளைக்காரர் ஏழு நாள் சுற்றிப் பார்க்க வந்து, பத்து வருஷமாக அங்கேயே இருக்கிறாராம். இப்படி மலிவும் இப்படிச் சிரித்த முகமும் வேறெங்கும் இல்லை என்கிறாராம். அவருக்காக அவர் ஊரில் உலை வைத்துக் காத்திருந்தது யார் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஜவுளிக்கடை சர்தார்ஜி, இந்தச் சனங்கள் கையில் காசு நிற்காது, பத்தாம் தேதிக்குள் சம்பளத்தைத் தின்றுவிடுவார்கள் என்று ஏசுகிறாராம். காசு அவர்கள் கையிலேயே நின்றால் இவர் கடையில் யார் துணி எடுப்பார்கள்?

வீட்டில் அடுப்பே பற்றவைக்காமல், குழம்பைக்கூடப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டு வாங்கிப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் தெருவில் ஒருத்தி அப்படி மூன்று நாள் வாங்கினால் நாலாம் நாள் அவள் பேச்சாகத்தான் இருக்கும். கையில் பணம் வந்தால் தங்கச் சங்கிலி, பள்ளிக்கூடம் திறந்தால் அதே சங்கிலி அடகுக்கடையில். இது ஒன்றுதான் நம் ஊர் மாதிரி இருக்கிறது. புண்ணியத்துக்காகக் காசு கொடுத்துக் கூண்டுக் குருவியை வாங்கிப் பறக்க விடுகிறார்களாமே, அந்தக் குருவியைப் பிடித்துக் கூண்டில் அடைத்தது யார்? விற்கிறவன்தானே? மறுநாள் அதே குருவியை அவன் பிடிக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? சாமி காரியத்தைக் குறை சொல்லவில்லை. விற்கிறவனைச் சொல்கிறேன்.

எனக்கு இன்னொன்றும் பட்டது. போன புதிதில் அந்த ஊர்த் தண்ணீர், சோறு, மீன் வாடை என்று எல்லாவற்றையும் குறை சொல்லி எழுதியவர் நீங்கள். இந்தக் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லை.

நம் ஊர் ரத்தினக்கல் வியாபாரிகளுக்குச் சோறாக்க உமர் பாரூக் பாய் மெஸ்ஸில் வேலைக்குத்தான் மூன்று வருஷம் முன்னால் போனீர்கள். இப்போது சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட வேண்டும், அதற்கு அலங்காநல்லூர்ப் பக்கம் என் அப்பா எனக்கு எழுதி வைத்த முக்கால் ஏக்கர் கிணற்றுத் தோட்டத்தை விற்றுத் தைக்குள் பணம் அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். பெரியப்பா மகன் காசிமாயன் அண்ணனிடம் பேசினேன். பதினெட்டாயிரம் தருவாராம். ஆனால் கடையை அந்த ஊர்க்காரர் பெயரில்தான் எடுக்க முடியும், நம்பிக்கையான ஆள் இருக்கிறது என்று எழுதிய நீங்கள், ஆள் யார் என்று எழுதவில்லை. ஒரு சருவச்சட்டி வாங்கினால்கூடப் பெயர் வெட்டித்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். நம் தோட்டத்துப் பணத்தில் எடுக்கிற கடைக்கு யார் பெயர் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமை உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன்.

த. பாண்டியம்மாள்


மீனாட்சி துணை

செல்லூர், மதுரை.
4-12-83, ஞாயிறு.

மாமாவுக்குப் பாண்டியம்மாள் எழுதுவது. இருவரும் சுகம். நீங்கள் பதில் போடவில்லை. டிராப்டும் செலவுச் சீட்டும் மட்டும் வந்தன. சீட்டில் இந்த மாதமும் சலவைக் கூலி இல்லை.

உமர் பாரூக் பாய் விடுமுறையில் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். நேற்று மகபூப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் கொடுத்துவிட்ட குடை, தைலம், செல்லத்தாய்க்கு நைலான் சேலை எல்லாம் வந்து சேர்ந்தன. சேலை மடிப்புக்குள் உங்கள் போட்டோ இருந்தது. ஆள் சற்றுப் பூசினாற்போல இருக்கிறீர்கள்.

கடை விஷயத்தைப் பாயிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தங்கச்சி, அந்த ஊரு நல்ல ஊரு. சனமும் நல்ல சனம். ஆனா நமக்கு அது லாட்ஜு. லாட்ஜுல தங்குறவன் எவனாச்சும் சொந்தக் காசுல செவரு எழுப்புவானா? கடை யாரு பேர்ல இருக்கோ அவுகதான் மொதலாளி. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நாம சட்டியத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டியதுதான்” என்றார். அப்படியானால் இவரை நம்ப வைத்த ஆள் யார் என்று கேட்டேன். மேலே சுற்றும் பேனைப் பார்த்தார். “தவசி நல்ல கைக்காரன். அவன் வைக்கிற குழம்புக்கே கல்லு வாங்க வாரான் பாதிப் பேரு” என்று உங்கள் சமையலைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

விடாமல் போட்டோவை எடுத்துக் காட்டினேன். உங்கள் வலது மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது. நம் பக்கத்தில் ஆம்பிளை கையில் காப்புக் கட்டுவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று சாமிக்கு, இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு. சாமிக்குக் கட்டியவர் அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். இது எதற்குக் கட்டியது பாய் என்று கேட்டேன். “அங்க எல்லாத்துக்கும் கட்டுவாக தங்கச்சி. கல்யாணத்துக்கும் கட்டுவாக, பிள்ளை பொறந்தாலும் கட்டுவாக, சும்மாவும் கட்டுவாக. நான் மெஸ்ஸு நடத்துறவன், வேவு பாக்குறவன் இல்ல” என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். அப்போது பள்ளிவாசலில் இன்னும் பாங்கு சொல்லவில்லை.

அவர் சம்சாரம் அஜ்மல் பீவி என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணீர் கொடுத்தது. பேச்சோடு பேச்சாக, “அண்ணே செலவுச் சீட்டு அனுப்புறாகளா?” என்று கேட்டது. மாதம் தவறாமல் அனுப்புகிறார், இப்போது துணிகூட அவரே துவைத்துக்கொள்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டது.

“சலவைக் கூலி எழுதலையா? எத்தன மாசமா?”

நாலு மாதமாக என்றேன்.

“அக்கா, எங்க வீட்டு மனுசன் பதிமூணு வருசமா அங்கதான் கெடக்காரு. சீட்டுல மத்ததக் கூடக்கொறைய எழுதுவாரு, நான் கேட்டுக்கிற மாட்டேன். சலவைக் கூலிய மட்டும் மொதல்ல பாத்துருவேன். சோப்புக் கட்டியக் கண்டா அந்த மனுசனுக்கு ஆகாது. கூலி எழுதியிருந்தா அல்லாவுக்குப் புகழ். எழுதலேன்னா மறு பிளேன்ல நானே போயி எறங்கிருவேன்” என்று சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

மெஸ்ஸில் உங்களோடு படுத்திருக்கும் ஆட்கள் எல்லாம் துணியைக் கூலிக்குத்தான் போடுகிறார்களாம். அதையும் அஜ்மல் பீவிதான் சொன்னது. உங்கள் சட்டை போட்டோவில் மொடமொடவென்று இருக்கிறது. காலர் மடிப்பு கலையவில்லை. நீங்கள் துவைத்த சட்டை அது இல்லை.

தை மாதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவுக்கு நாள் பார்த்து, காசிமாயன் அண்ணன் ஆயிரத்தொரு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அதற்குள் உங்கள் பதில் வந்தாக வேண்டும். கடை யார் பெயரில், துணி யார் கையில், நூல் எதற்காக. வேறொன்றும் எழுத வேண்டாம். அந்த ஊரில் அரிசி என்ன விலை என்றுகூட எழுத வேண்டாம்.

கார்த்திகை விரதம் இருக்கிறேன். கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம்.

த. பாண்டியம்மாள்


மீனாட்சி துணை

செல்லூர், மதுரை.
22-1-84, ஞாயிறு.

மாமாவுக்குப் பாண்டியம்மாள் வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதம் மாட்டுப்பொங்கல் கழித்து வந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறீர்கள். கடை எடுக்கப்போவது சோம்ஜாய் என்கிற ஆள் பெயரில். உங்கள் துணிகளை அந்த வீட்டில் தங்கள் துணியோடு சேர்த்துத் துவைத்துத் தருகிறார்கள், கூலி வாங்குவதில்லை. கையில் இருப்பது கல்யாண நூல் இல்லை, காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து எழுந்தபோது அந்த வீட்டுப் பெரியவர்கள் ஆயுசுக்காகக் கட்டியது. அந்த ஊர் வழக்கம் அப்படி, இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறீர்கள். சோம்ஜாய் ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

காய்ச்சல் ஜூலை மாதக் கடைசியில் என்று எழுதியதால் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதச் சீட்டில் வெற்றிலை பாக்கு இருக்கிறது, தபால்தலை இருக்கிறது, செருப்புத் தைத்த காசு இருக்கிறது. டாக்டர் இல்லை. மாத்திரை இல்லை. ஒரு இளநீர்கூட இல்லை. அதே தேதிகளில் என் பக்கத்தையும் பார்த்தேன். ஆடி வெள்ளிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றக் கேப்பை மூன்று படி, சின்ன வெங்காயம் அரைக் கிலோ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் நினைவில்லாமல் கிடந்தபோது நான் இங்கே வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கூழ் ஊற்றியிருக்கிறேன். காய்ச்சல் என்று ஒரு தந்தி வந்திருந்தால் அம்மன் காலில் விழுந்து கிடந்திருப்பேனே. அதுகூட எனக்குக் கொடுக்கவில்லை நீங்கள்.

ஒன்பது நாள் ஒருவர் விழித்திருந்து கஞ்சி வைத்திருக்கிறார். மருந்து வாங்கியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் கையில் காசு நிற்காது என்று சர்தார்ஜி சொன்னாரே, நின்றுதான் இருக்கிறது, உங்களுக்குச் செலவழிக்கிற அளவுக்கு. அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. உங்கள் உயிரைக் காப்பாற்றிய கையை நான் சபித்தால் எனக்கு நல்ல கதி கிடையாது. ஆனால் கட்டிய புருஷன் உடம்புக்கு வந்த செலவு பெண்டாட்டியுடையது. டாக்டர், மாத்திரை, கஞ்சி அரிசி உட்பட எம்புட்டு ஆனது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பவும். பாய் அடுத்த மாதம் திரும்பும்போது இங்கே அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே அவர் அந்த வீட்டில் கொடுத்துவிடுவார். இந்தக் கணக்கை அடைக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

இனித் தோட்டத்து விஷயம். வெள்ளிக்கிழமை செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனேன். காசிமாயன் அண்ணன் முத்திரைத்தாள் எல்லாம் வாங்கி எழுதி முடித்து, வேப்பமரத்தடியில் நின்றார். “பாண்டி, கையெழுத்தா கைநாட்டா? மை டப்பா எடுத்து வைக்கச் சொல்லவா?” என்று பத்திர எழுத்தர் முன்னால் கேலி செய்தார். பத்திரத்தை வாங்கிக் கடைசி வரி வரை படித்தேன். நாலு எல்லையும் சரியாக எழுதியிருந்தது. கிழக்கே என் அப்பா வைத்த புளியமரம் வரைக்கும்.

படித்து முடித்து, அட்வான்ஸ் ஆயிரத்தொன்றையும், முத்திரைத்தாள் செலவையும், எழுத்தர் கூலியையும் எண்ணி அண்ணன் கையில் கொடுத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏந்தாயி, வெளையாடுறியா? சீமையில கெடக்குற மனுசன் கேட்டு ஒரு கையெழுத்துப் போட மாட்டியா?” என்று சத்தம் போட்டார். தோட்டம் என் பெயரில் இருக்கிறது, என் மகள் பெயருக்குப் போகும், நடுவில் எனக்குத் தெரியாத பெயர் ஒன்றும் வேண்டாம் அண்ணே என்றேன். கூட்டம் கூடிவிட்டது. அவர் விடவில்லை. “அப்ப மாப்ள இனி வர மாட்டாருன்னு முடிவு பண்ணிட்டியாக்கும்? அதத்தான் ஊர்ல பேசிக்கிறாக” என்றார்.

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தது. பதினேழு வயதுப் பெண். அப்பாவிடமிருந்து சேலை வந்ததிலிருந்து ஒரு தடவையும் அதைக் கட்டாமல் வைத்திருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு நேர் எதிரே நின்றுதான் சொன்னேன். “சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வாராரு. வந்து எம் பக்கத்துல நிக்கட்டும். அப்பக் கையெழுத்துப் போடுறதா வேண்டாமான்னு பேசிக்கிருவோம்” என்று சொல்லிவிட்டேன். செல்லத்தாய் வரும் வழியெல்லாம், “நெசமாவா அம்மா? அப்பா எழுதியிருக்காரா?” என்று கேட்டுக்கொண்டே வந்தது. பஸ் இரைச்சலில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

டிக்கெட்டுக்குத் தபாலாபீஸ் புத்தகத்தில் பணம் இருக்கிறது. மூன்று வருஷம் நீங்கள் அனுப்பியதில் மிச்சம் பிடித்தது. பாயிடம் அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன். வந்த பிறகு திரும்பிப் போக வேண்டியிருந்தால் போங்கள். யாரையாவது விட்டு வர முடியாது என்று இருந்தால் அதையும் என் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். செலவுச் சீட்டில் ஒரு வரி குறைவதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொள்கிற மாதிரி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இந்த வருஷம் சிவராத்திரி பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி. அம்மன் உங்களுக்கு ஆயுசையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். மகள் முன்னாலும் சாமி முன்னாலும் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

த. பாண்டியம்மாள்