நீ எந்தப் பஸ்ஸில் போனாய், மைகென்?

அன்பு மகள் மைகெனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் செய்தி இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. ஆனால் ஏழேகாலிலிருந்து ஏழு இருபது வரை நீ இந்த உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். 

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சனிக்கிழமை உன் கால்பந்து ஆட்டத்தை டிவியில் நானும் பார்த்தேன். உன் மேல் யாரும் மோதவில்லை, நீயாகத் திரும்பினாய், விழுந்தாய், கையால் புல்லை இரண்டு முறை அடித்தாய். அப்போதே தெரிந்தது, மறுபடியும் வலது முழங்கால். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, முடிந்ததும் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொன்னாய், கூப்பிடவில்லை. மயக்கம் தெளியாமல் தூங்கியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். இன்று காலை பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மைதானத்து வளைவில் திரும்புகிறேன், நம் கிளப் வாசலில் கொடி அரைக்கம்பத்தில் நிற்கிறது. நம் ஊரில் ஒரு வீட்டு முன்னால் அப்படி நின்றால் அங்கே சாவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளப் வாசலில் என்றால் கிளப்பைச் சேர்ந்தவர்கள் யாரோ. கத்திக்குக் கீழே படுத்திருந்தது நீ ஒருத்திதான். பிரேக்கை எப்படி அழுத்தினேனோ, யாருடைய புத்தகப் பையோ உருண்டு என் காலடிக்கு வந்தது. கதவைத் திறந்து இறங்கியது ஞாபகம் இருக்கிறது, உட்கார்ந்தது ஞாபகம் இல்லை.

முதலில் இறங்கி வந்தவள் ஆல்பெர்தே. பதிமூன்று வயது, பெண்கள் அணியின் கேப்டன், வாய் கொஞ்சம் நீளம். “கார்ஸ்டென், வளைவுல போய் பஸ்ஸ நிறுத்தியிருக்கீங்க, பின்னால மீன் லாரி வந்தா எல்லாரும் காலி” என்றாள். நான் கொடியைக் காட்டி யாரு என்று மட்டும் கேட்டேன். “அதுவா? அது நாங்க ஏத்துனது. எங்க டீம் செத்துப்போச்சு” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். “மைகென்னு நெனச்சீங்களா?” என்றாள், உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் மணிக்கட்டு உடைந்தபோதுகூட அழாதவள். கோல்கீப்பர் ஹிபா வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, “நான் அப்பவே சொன்னேன், கொடி வேணாம், போர்வையில எழுதித் தொங்கவிடலாம்னு. இவ கேட்டாத்தானே” என்றாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு எட்டு நிமிடம் தாமதமாகக் கொண்டுபோய் விட்டேன். இத்தனை வருஷ வேலையில் முதல் தாமதம்.

ஆனால் அந்த ஐந்து நிமிடம் பெரிதில்லை. உன் செய்தியைப் பார்த்த பிறகு கிளப்புக்குப் போனேன், அங்கே பார்த்ததைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. கதவில் நிர்வாகக் குழுவின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வருகிற பருவத்திலிருந்து பெண் பிள்ளைகளின் அணிகளை அத்தனை தூரத்தில் இருக்கிற கிராம்ஸ்டெட் ஊர் கிளப்போடு சேர்த்துவிடுவார்களாம், பயிற்சியும் அங்கேதானாம். நல்ல புல்தரை ஆண்கள் அணிக்கும், நாற்பத்தைந்து தாண்டிய கிழவர்கள் அணிக்கும். அடுத்த வியாழக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதன் கீழே தடித்த எழுத்தில், “சின்ன வயதில் நானும் பஸ்ஸில் கிராம்ஸ்டெட் போய்த்தான் விளையாடினேன். அந்தத் தூரம்தான் என்னை ஆளாக்கியது” என்று போட்டு உன் பெயர். உள்ளே சுவரில் நீ தேசிய அணிச் சட்டையோடு ஆளுயரத்துக்கு நின்று சிரிக்கிறாய். அதற்கு நேர் கீழே நின்று கிளப் தலைவன் ஸ்வென்னிங் காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.

இது யார் எழுதியது என்று கேட்டேன். “உன் பொண்ணு சொன்னது. போன்ல பேசினோம், ரொம்ப நல்லாப் பேசினா. வேணும்னா அவகிட்டயே கேட்டுக்க” என்றான். அவள் ஒரு நாள்கூட பஸ்ஸில் போனதில்லையே என்றேன். “அப்பா பஸ் ஓட்டினார்னு ஊருக்கே தெரியும், அதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்” என்றான். பயிற்சி முடிவது ஏழு மணிக்கு, கிராம்ஸ்டெட்டிலிருந்து கடைசி பஸ் புறப்படுவது ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, அந்தக் கடைசி பஸ்ஸை ஓட்டுபவனே நான்தான், பிள்ளைகள் எதில் திரும்பி வருவார்கள் என்று கேட்டேன். ஸ்வென்னிங் கோபப்படவே இல்லை. “அப்பா அம்மா போய்க் கூட்டிட்டு வரட்டும். நீ கூட்டிட்டு வரலியா? பலன் சுவத்துல நிக்குது பார்” என்றான். என் முகத்தில் ஈரத்துணியால் அடித்த மாதிரி இருந்தது. நான் செய்ததையே எடுத்து அந்தப் பிள்ளைகளின் தலையில் போடுகிறான். கிழவர்கள் அணியிலிருந்து என் பெயரை இன்றைக்கே எடுத்துவிடு என்றேன். “நீ மாத்து ஆளா பெஞ்சுலதானே உக்காந்திருப்ப, பெஞ்சு அழாது” என்றான். உள்ளே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான்கு பேருக்கும் வீட்டுக்கு இரண்டு கார்.

மைகென், இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. நீ எப்படி ஆட்டக்காரி ஆனாய் என்பதை எல்லாரும் ஒரு மாதிரி சொல்கிறார்கள். ஆறு வயதில் பையன்களோடு ஆரம்பித்தாள், பன்னிரண்டு வயதில் வெளியே அனுப்பினார்கள், விடாமல் வேறு ஊர் போய்ப் பழகினாள், பதினாறில் பெரிய கிளப், பத்தொன்பதில் சுவீடன், பிறகு ஜெர்மனி, நாட்டுக்காக அறுபத்தொரு ஆட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் காரே இல்லை. நான் விடியற்காலை ஷிப்டை வாங்கிக்கொண்டு நாலு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் உன்னை நம் பழைய நீல காரில் கொண்டுபோய் விட்டேன், நீ ஆடி முடிக்கும்வரை உள்ளேயே தூங்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த காரில் இன்னும் மூன்று இடம் இருந்தது. கமிலாவை மறந்திருக்க மாட்டாய். உன்னோடு சேர்த்து அவளையும்தான் பையன்கள் அணியிலிருந்து அனுப்பினார்கள். இடது காலால் அவள் அடிக்கிற பந்து உனக்கு இன்றும் வராது, நீயே சொல்லியிருக்கிறாய். அவள் அம்மாவுக்கு மீன் தொழிற்சாலையில் சாயங்கால வேலை, வண்டி கிடையாது. இரண்டு மாதம் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். பிறகு அவள் வீடு எதிர்ப்பக்கம் ஒன்பது கிலோமீட்டர், எனக்குத் தூக்கம் போதவில்லை என்று நிறுத்திவிட்டேன். அவள் பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள். இப்போது அம்மா நின்ற அதே மேசையில் நின்று மீன் அறுக்கிறாள், காலை முதல் பஸ்ஸில் எனக்குப் பின் இருக்கையில்தான் வருகிறாள். போன வாரம்கூட உன் கோலைப் பற்றி, “அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல” என்றாள். நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை.

ஆகவே உன்னை வளர்த்தது தூரம் இல்லை. தூரம் கமிலாவை முடித்துவிட்டது, உன்னை கார் காப்பாற்றியது. ஹிபாவின் அம்மா பள்ளிக்கூடம் துடைக்கிறவள், அவர்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது. ஆல்பெர்தேயின் அப்பா கடலுக்குப் போனால் பத்து நாள் திரும்ப மாட்டார். அணியில் பதினான்கு பேர், எண்ணிப் பார்த்தேன், ஐந்து பேர் வீட்டில்தான் சாயங்காலம் வண்டியும் ஆளும் சேர்ந்து இருக்கும். மீதி ஒன்பது பேருக்கு நீ பொய்யான பஸ்ஸைக் காட்டியிருக்கிறாய். அல்லது உன் பெயரில் ஸ்வென்னிங் காட்டியிருக்கிறான். எது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் இன்று முழுவதும் என்னை ஆட்டி வைக்கிறது. நீ களைத்துப்போய் ஏதோ சரி சரி என்று சொல்லி, அவன் அதை முறுக்கி எழுதியிருக்கலாம். அல்லது பேட்டிகளில் கேட்டுக் கேட்டு உனக்கே அப்படித்தான் நடந்தது என்று தோன்றிவிட்டதோ என்னவோ. அப்படியிருந்தால் முழங்காலைவிட அது பெரிய காயம்.

போனில் கேட்டிருப்பேன். நீ சிரித்து மழுப்புவாய், நான் கத்துவேன், வலியோடு படுத்திருப்பவளிடம் கத்த மனமில்லை. மீன் லாரி ஓட்டும் கிம் வெள்ளிக்கிழமை உன் ஊர் வழியாகப் போகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட்டால் வாக்கெடுப்பு முடிந்துதான் வரும். அவன் கையில் கறுப்பு ரை ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் இருக்கும், மருத்துவமனைச் சாப்பாட்டை நம்பாதே. கிளப்புக்காரர்கள் அவசரப்படுத்தினாலும் ஒன்பது மாதத்துக்கு முன்னால் பந்தைத் தொடாதே. போன முறை அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஏழாம் மாதமே இறங்கினாய். அவர்களுக்கு அடுத்த வருஷம் வேறு எட்டாம் எண் சட்டைக்காரி கிடைப்பாள், உனக்கு வேறு கால் கிடைக்காது.

கால் ஆறட்டும், வலி இல்லாத தூக்கம் வரட்டும், ஆசைப்படுகிற வரைக்கும் நீ ஆடு. அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு, நான் கேட்கப்போவதற்கு என்ன பதில் சொன்னாலும் உண்டு.

அடுத்த வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம். அதற்குள் நீ கிராம்ஸ்டெட்டுக்கு எப்படிப் போனாய் என்று உள்ளபடி ஒரு வரி போனில் எழுதி அனுப்பு. பெண் பிள்ளைகளுக்கு ஆதரவு அது இது என்று ஒன்றும் வேண்டாம், அந்த ஒரு வரி போதும், எழுந்து நின்று படிப்பேன். அறிவிப்பில் இருப்பது நீ சொன்னதுதான் என்றால் அதையும் சொல்லிவிடு, அதையும் அப்படியே படிப்பேன். படித்து முடித்துவிட்டு, என் மகள் சொல்வது பொய் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லி, வாக்கெடுப்பில் உனக்கு எதிராகக் கை தூக்குவேன்.

உன் அப்பா,
கார்ஸ்டென்