பூச்சி தின்னும் செடிக்கு ஆயுத பூஜை

12.9.1996
மதுக்கரை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், எங்கள் வீட்டு மாடியில் மாமிசம் தின்னும் செடி வளர்கிறது என்றேன். நம்பவில்லை. பல்லியைத் தின்னும் என்றேன். நம்பினார். நிஜத்தில் அது விரல் நகம் அளவுதான். இலை முழுக்கச் சிவப்பு முடி, முடி நுனியில் பனித்துளி மாதிரி பசை. எறும்பு ஒட்டினால் தீர்ந்தது. வளர்ப்பது தம்பி மகள் சைதன்யா. ரூம் என்னுடையது. ஆகவே நான் வளர்க்கிறேன் என்பதில் பெரிய பொய் இல்லை.

20.9.1996
இன்று சைதன்யாவிடம் முழு வித்தையும் கற்றுக்கொண்டேன். எட்டாவது பாதியில் நின்றவனுக்கு அரை மணி நேரம் போதும். இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஜாம் பாட்டிலில் சர்க்கரைக் கூழ் ஊற்றி அதன்மேல் வைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. கூழைக் குக்கரில் வேகவைத்துக் கிருமியைக் கொல்கிறாள். மூடியைத் திறப்பதென்றால், வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும்தான்; நான் அதைக் காற்றுப் பெட்டி என்பேன். நாற்பது பாட்டில் இருக்கிறது. வெளியே நானூறு என்று சொல்லியிருக்கிறேன்.

3.10.1996
நவம்பர் கடைசியில் ஓசூர் நர்சரிக்காரர் வருகிறாராம். செடி அவருக்குப் பிடித்தால் அங்கே லேப் பொறுப்பே இவளுக்கு. இல்லாவிட்டால் தாராபுரத்து மாப்பிள்ளை; தம்பி சீனிவாசலு வாக்குக் கொடுத்தாயிற்று. "இந்த ரூமு மட்டும் இருந்தாப் போதுமுங்க பெரியப்பா" என்றாள். நான் இருக்கும்வரை உனக்கு என்ன கவலை என்றேன்.

9.10.1996
மஞ்சப் பையில் ஒரு பாட்டிலைப் போட்டுக்கொண்டு காந்திபுரம் டீக்கடைக்குப் போனேன். செங்கோட்டையன் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுங்களா பல்லி திங்குது?" என்றான். "தின்னு செரிச்சுப்போட்டுதுங்க, அதான் எளைச்சுக் கெடக்குது" என்றேன். கடையே சிரித்தது.
திரும்பி வந்தால் சைதன்யா மாடி ரூமில் இருக்கிறாள். பாட்டிலைக் கீழேயே ஜன்னலோரம், ரேடியோவுக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்கு எடுத்துப் போய் வைத்துவிடலாம்.

20.10.1996
ஆயுத பூஜை. பஞ்சு மில்லில் வேலை பார்த்த காலத்தில் நான் பொட்டு வைக்காத நூற்புக் கதிர் ஒன்று உண்டா? சைதன்யா கோயிலுக்குப் போன நேரம் மாடிக்கு ஏறினேன். குக்கருக்கும் காற்றுப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். பாட்டிலுக்கு வெளியே வைத்தால் செடிக்கு என்ன பிரயோசனம்? ஒவ்வொரு மூடியாகத் திறந்து சாம்பிராணி காட்டி, ஆளுக்கு ஒரு செவ்வந்தி இதழ் போட்டேன். ரங்கம்மாள் படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, தொறக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்களே" என்றாள். சாமிக்குக் கூடவா என்று கேட்டேன். இறங்கிப் போய்விட்டாள். என் சம்சாரம் வாதத்தில் என்னை ஜெயித்ததே இல்லை.

24.10.1996
பாட்டில் எல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு. பூத்துவிட்டது என்று நினைத்து அவளைக் கூப்பிட்டதே நான்தான்.
வந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூடியத் தொறந்தது ஆருங்க பெரியப்பா?"
பூஜைதான் போட்டேன் என்றேன்.
"பூவுல இருந்த பூஞ்சைக்குச் சர்க்கரை வெச்சு விருந்து போட்டுட்டீங்க." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன்.

25.10.1996
எல்லாம் போச்சு— என்னத்துக்குடா உனக்கு இந்த வேலை?

26.10.1996
செய்தி கேட்க ரேடியோவை நகர்த்தினேன். பின்னால் அந்தப் பாட்டில்! சுத்தமாக, சிவப்பாக, அஞ்சு செடி. ஓடிப்போய்க் கொடுத்தேன். ஆபத்துக்கு ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பது மில்லில் என் பழக்கம் என்றேன்.
பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பல்லி செரிச்சுப்போச்சுங்களா?" என்றாள். டீக்கடைக் கதை இவள் காதுவரை வந்திருக்கிறது; செங்கோட்டையன் வாயை என்ன செய்வது? ஆனால் சிரித்தாள். மூணு நாளில் முதல் தடவை.

29.11.1996
நர்சரிக்காரர் வந்தார். அந்த அஞ்சு செடியிலிருந்து சைதன்யா நறுக்கி வைத்த இலைத் துண்டுகளில் ஊசிமுனைத் துளிர்தான் வந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சைதன்யா நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். ஒரு பாட்டிலிலிருந்து ஒரே மாதத்தில் இவ்வளவு மீட்டிருக்கிறாயா என்று கேட்டு, ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தை பிறந்ததும் வேலைக்கு வந்துவிடச் சொன்னார். அவளை மட்டும்.

10.10.1997
ஓசூர். ஆயுத பூஜைக்கு அவளே கூப்பிட்டிருந்தாள். சீனிவாசலுவும் வந்தான், தாராபுரத்துப் பேச்சை இப்போது எடுப்பதில்லை. லேப் கதவுக்கு வெளியே மட்டும் சந்தனம் வைக்க எனக்கு அனுமதி. பின்னாலேயே நின்றாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். எத்தனை பாட்டில் என்று கேட்டேன். நாலாயிரமாம்.
காந்திபுரத்தில் போய் இதை எப்படிச் சொல்வது? ஒரு பயலும் நம்ப மாட்டான்.