ஆம்ப்ரோஸ் டில்லுக்கு விழுந்த அறுபத்தொரு ஓட்டு

டொலீடோ, ஒஹையோ
21 ஜூன் 1955

அன்பு மகள் நெல்டாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வெர்னனும் குழந்தை இடாவும் அந்த ஜெர்மனிக் குளிரெல்லாம் கழிந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசு சௌக்கியமில்லாமல் போன கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம். ஸ்ட்ராபெரி இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது, முப்பது ஜாடி ஜாம் போட்டுவிட்டு இன்னும் போட வேண்டும் என்கிறாள். கண்ணாடித் தொழிற்சாலையில் எனக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. இடாவின் போட்டோ வந்தது, அதைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்திருக்கிறோம், பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அம்மா அதோடு பேசுகிறாள். நீ போட்டோவின் பின்னால் எழுதியது நான்கு வரி. குறை சொல்லவில்லை, கைக்குழந்தைக்காரிக்கு நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கு வரிக்கும் இப்போது சொல்லப் போவதற்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

ஆம்ப்ரோஸ் டில் ஞாபகம் இருக்கிறதா? ஏன் இருக்காது, நீ பெற்ற பிள்ளைதானே. பத்தொன்பது வயதில் நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இல்லாத ஒரு மனிதரை உண்டாக்கி, நம் ஊர் மௌமி நதியில் பாலம் திறந்து மூடுகிற வேலையும் கொடுத்து, கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவே விஞ்ஞானக் கதை படிக்கிறார் என்று சொல்லி, அவர் பேரில் ரசிகர்கள் நடத்துகிற எல்லா சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கும் கடிதம் போட்டாய். உன் கூட்டத்தில் அது வழக்கம்தான், ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு பொய் ரசிகர் இருக்கிறார், கடைசியில் குட்டு உடையும்போது எல்லோரும் சிரிப்பார்கள் என்றாய். மாநாட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் பாலத்தை விட்டு நகர முடியாது என்று எழுதினாய். நானும் சிரித்தேன். நீ கல்யாணமாகிப் போனதும் டில்லும் போய்விட்டார் என்று நினைத்திருப்பாய். போகவில்லை கண்ணு. நான்தான் போக விடவில்லை.

நீ ஜெர்மனிக்குப் போன அந்த 1953 அக்டோபரில், டில் பேரில் நீ எடுத்திருந்த தபால் பெட்டியை மூடலாமென்று போனேன். அதில் டில்லுக்குப் பதினொரு கடிதம் கிடந்தது. மனிடோபாவில் பிராண்டன் என்ற ஊரிலிருந்து மட்டும் நான்கு. நீ முன்பே எழுதிக்கொண்டிருந்த லைல் டாக்கெட்தான், பால் பண்ணையில் எடை போடுகிறவர், நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பேச்சு திக்கும். வாயால் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கேட்கிறவர்கள் தாங்களே முடித்துவிடுகிறார்களாம், கடிதத்தில்தான் தன்னை யாரும் முடிப்பதில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய அம்மா அந்த வாரம்தான் செத்துப் போயிருந்தார். இதற்குப் பதில் போடாமல் இருக்க என்னால் முடியவில்லை. உன் பழைய நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, நீ எப்படி எழுதுவாய் என்று பார்த்துப் பார்த்து, உன் குறும்பும் உன் 'பாலம் அழைக்கிறது, நிறுத்துகிறேன்' எல்லாம் போட்டு எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது நீ எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அப்புறம் விட முடியவில்லை. இருபது மாதமாக வாரம் ஒரு கடிதம். உன்னை விட்டுப் பிரிந்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்காக அந்தக் கதைகளையெல்லாம் படிக்கவும் செய்தேன். செவ்வாய் கிரகத்தில் யாரோ யாரையோ எப்போதும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதை எப்படித்தான் ரசித்தாயோ. அம்மாவுக்கும் தெரியாது, தபால் தலை சேகரிக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது ஓட்டு விஷயம். பிலடெல்ஃபியாவில் முந்தா வருஷம் பெரிய மாநாட்டில் வாசகர்களே ஓட்டுப் போட்டு ராக்கெட் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார்களே, போன வருஷம் அதை யாரும் கொடுக்கவே இல்லை, இந்த செப்டம்பரில் கிளீவ்லண்டில் மறுபடி கொடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நாம் கொடுத்துவிட வேண்டும் என்று உன் பழைய சங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஏரிக்கரை மாநாட்டில் மூன்று பரிசு: சிறந்த கதை, சிறந்த பத்திரிகை, சிறந்த ரசிகர். பதிப்பாசிரியர்களும் பெரிய மனிதர்களும் சொல்வது செல்லாது, காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் சொல்வதுதான் தீர்ப்பு என்று தலைவி மிஸ் ஹேகன் ஒரு பிரசங்கமே செய்தாள். ராக்கெட்டை யாரோ மரத்தில் கடைந்து வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள், பார்த்தால் மேஜைக் கால் மாதிரி இருந்தது. ஓட்டு அட்டைகள் வந்து சேர நம் வீட்டு விலாசம், எண்ணுகிறவன் நான். ஏன் நான் என்றால், மிஸ் ஹேகன் எல்லோர் முன்னாலும் சொன்னாள், 'மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் ஒரு கதைகூடப் படிச்சதில்ல, அவரவிட நியாயஸ்தர் நமக்கு எங்க கெடைப்பார்' என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

எண்ணினேன். சிறந்த ரசிகர் ஆம்ப்ரோஸ் டில், அறுபத்தொரு ஓட்டு. அடுத்தவருக்கு ஐம்பத்தொன்பது. மூன்று அட்டையை அடுப்பில் போட்டால் தீர்ந்தது, எடுத்தும் விட்டேன். மேலே இருந்த அட்டை லைல் டாக்கெட்டுடையது. ஓட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார், இந்த மனிதர் எனக்குப் பதில் எழுதாமல் இருந்தால் நான் அம்மாவோடு போயிருப்பேன் என்று. திருப்பி அடுக்கி வைத்துவிட்டேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். எண்ணிக்கையில் நேர்மை, மற்றதெல்லாம் புளுகு. நாற்பது பேருக்குக் கடிதம் எழுதி ஓட்டுச் சேர்த்ததும் லைல்தான். முடிவு தெரிந்ததும் டில்லுக்கு எழுதினார், ராக்கெட்டை என் கையால்தான் கொடுப்பேன், சங்கத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், நீங்கள் வர முடியாவிட்டால் பாலத்துக்கே கொண்டு வருகிறேன் என்று. அதற்கு நான் பதிலே போடவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பதினொன்றாம் தேதி சனிக்கிழமை மாநாடு. லைல் வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். இறங்கினவர் என்ன செய்தார் தெரியுமா, டில்லின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு இந்த ஊரில் திறந்து மூடுகிற பாலம் ஒவ்வொன்றுக்கும் நடந்து போய்க் காட்டியிருக்கிறார். ரயில் பாலத்தையும் விடவில்லை. ஒரு பாலத்துக்காரர், 'முப்பது வருஷமா இந்த ஆத்துல இருக்கேன், அப்பிடி ஒரு ஆளு எந்தப் பாலத்துலயும் இல்லப்பா, உன்ன யாரோ நல்லா சுத்தல்ல விட்டிருக்காங்க' என்றாராம். மறுநாள் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் நிற்கிறார், ஓட்டு அட்டையில் அச்சடித்திருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு. செருப்புக்கடி பட்டவர் மாதிரி நொண்டுகிறார். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் தள்ளித் தள்ளி, 'அ... அவர் செ... செத்துட்டாரா சார்? மறைக்காம சொல்லுங்க, நான் தா... தாங்கிக்குவேன்' என்றார். நெல்டா, அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று பேர்தான் இருந்தோம். நான் என்ன சொன்னேன் என்றால், 'சாகலப்பா, நல்லாத்தான் இருக்காரு, நாளைக்கு மண்டபத்துல தெரிஞ்சிடும்'. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அம்மா வைத்த கோழியையும் ஸ்ட்ராபெரி கேக்கையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் போனதும் அம்மா, 'ஏங்க, அந்த மனுஷனுக்கு என்னமோ மறைக்கிறீங்க' என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நூறு பேர் கூட்டம். முன்வரிசையில் டில்லுக்கு ஒரு நாற்காலி போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் லைல், கோட்டு போட்டு, தலை படிய வாரி. மற்ற இரண்டு பரிசும் முடிந்து, மிஸ் ஹேகன் டில்லின் பெயரைச் சொன்னாள், எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய், ஆம்ப்ரோஸ் டில் என்று ஒருவர் இல்லை, முதலில் என் மகள், அப்புறம் நான் என்றேன். மண்டபமே சிரித்தது. எப்படிச் சிரிப்பு என்கிறாய், நாற்காலியைத் தட்டுகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள். 'அடேயப்பா, கதையே படிக்காத மனுஷனுக்கா நாம ஓட்டுப் போட்டோம்' என்று ஒருவன் கத்தினான். மிஸ் ஹேகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இந்த நாட்டுலயே இத மிஞ்சின வெளையாட்டு கெடையாது, ராக்கெட்டு உங்களுக்குத்தான் மிஸ்டர் ட்ரெக்ஸ்லர்' என்றாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது வேடிக்கை, நீ சொன்னாயே, குட்டு உடைந்தால் சிரிப்பார்கள் என்று. நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன், கைதட்டு வாங்கத் தயாராகப் போகவில்லை.

லைலை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வந்தார். ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பிறகு நான் நீட்டிய கையைப் பார்க்காமல், கீழே இறங்கி, டில்லின் பெயர் போட்ட காலி நாற்காலியில் ராக்கெட்டை வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன், தெருவில் ஆளைக் காணோம்.

நேற்று மத்தியானம் தபால் பெட்டியில் ஒரு கடிதம். வின்னிபெக் முத்திரை, ரயிலில் எழுதினது போல எழுத்து ஆடுகிறது. அன்புள்ள ஆம்ப்ரோஸ் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். உங்கள் ஊருக்கு வந்தேன், உங்கள் பாலங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன், செர்ரித் தெருப் பாலம் திறக்கும்போது நீங்கள் எழுதினதைவிட அழகாக இருக்கிறது என்கிறார். ட்ரெக்ஸ்லர் என்று ஒருவரைச் சந்தித்தேன், அவர் வீட்டில் சாப்பிட்டேன், அவர் மனைவி நல்லவர், அவர் என் முகத்தைப் பார்த்து உங்களைப் பற்றிப் பொய் சொன்னார் என்கிறார். என் அம்மா போனபோது எனக்கு எழுதியது அந்த ஆள்தான் என்பதை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை என்கிறார். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "நான்கு வருஷமாக எந்தச் சிக்கலானாலும் உங்களைத்தான் கேட்டிருக்கிறேன். வேறு யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. அவரை மன்னிக்கலாமா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்."

இதற்கு நான் எப்படிப் பதில் எழுதுவேன், சொல்லு. மன்னித்துவிடு என்று எழுதினால் எனக்கு நானே வக்கீல். வேண்டாம் என்று எழுதினால் அவர் அப்படியே கேட்டு நடப்பார், அதோடு அவருக்கு ஒருவரும் இல்லை. எழுதாமல் விட்டால் டில் நிஜமாகவே செத்துவிட்டார் என்று ஆகும். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவள் என்னைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், திட்டியிருக்கலாம். 'ஆரம்பிச்சவளுக்கே எழுதுங்க' என்று அவள்தான் சொன்னாள்.

அதனால் லைலின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். டில் உன்னுடையவர். டில்லாக எழுதுவாயோ நெல்டாவாக எழுதுவாயோ, உன் இஷ்டம். எனக்குச் சாதகமாக எழுத வேண்டாம், நீ நினைப்பதை எழுது, என்னிடம் காட்டவும் வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. இடாவுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஜாம் நான்கு ஜாடி தனியாக அனுப்புகிறோம், உடையாமல் வந்ததா என்று எழுது. லைலுக்கு எழுதும்போது ஒன்றை மறக்காதே, நான்கு வரியில் முடிக்காதே. அவருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

உன் அப்பா,
ஓட்டோ ட்ரெக்ஸ்லர்